வானிலைப் பிரிவுப் படைவீரர் சீருடையைக் கழற்றிய பிறகு: எந்த வேலை, எந்தச் சான்றிதழ்?

விமானப்படையிலோ கடற்படையிலோ பணியாற்றி ஊர் திரும்பும் நம் சகோதரர்களிடம் "அங்கே என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால், சிலர் "மெட் செக்‌ஷன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். மேற்கொண்டு விளக்கினாலும் கேட்பவருக்குப் புரிவதில்லை. வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கும் அது சட்டெனப் புரிவதில்லை என்பதுதான் சிக்கல். காற்றையும் மேகத்தையும் 20 ஆண்டுகள் பார்த்தவர் கடைசியில் ஏதோ ஒரு வளாகத்தின் வாசலில் காவலராக உட்கார்ந்துவிடுவதற்கு அவரிடம் திறமை இல்லாதது காரணமல்ல. அந்தத் திறமையை வெளியுலகம் ஏற்கும் சான்றிதழாக மாற்றாமல் வந்துவிட்டதே காரணம்.

போர் விமானமோ சரக்கு விமானமோ ஹெலிகாப்டரோ, வானிலைக் குறிப்பு இல்லாமல் எழும்பாது. தஞ்சாவூர், சூலூர், தாம்பரம் போன்ற விமானப்படைத் தளங்களிலும், அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து ஆகிய கடற்படைத் தளங்களிலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகத்தின் உயரம், வெப்பநிலை, பனிநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் அளந்து, 'மெட்டார்' என்ற சர்வதேசக் குறியீட்டில் எழுதுவது அவதானிப்பாளரின் வேலை. அடுத்த சில மணி நேரத்துக்கான 'டாஃப்' முன்னறிவிப்பை எழுதி விமானிகளுக்கு நேரில் விளக்குவது அதிகாரியின் வேலை. கடற்படையில் இதோடு அலை, நீரோட்டம், கடல் வெப்பம் ஆகியவையும் சேரும். அதற்கான பள்ளி கொச்சியில் இருக்கிறது.

இந்தக் குறியீடுகள் ராணுவத்துக்கு மட்டும் உரியவை அல்ல. சென்னையிலும் துபாயிலும் கோலாலம்பூரிலும் அதே மெட்டார், அதே டாஃப்தான். ஆகவே வேலையின் மொழி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. இல்லாதது சான்றிதழ்.

பணியை முடித்து வருபவருக்கு எல்லோரும் காட்டும் முதல் வழி வங்கி. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீதம், கடைநிலைப் பணியில் 24.5 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. மாற்றுத்திறனாளி ஆன படைவீரர், உயிர்நீத்தோரின் குடும்பத்தார் ஆகியோருக்கான பங்கும் இதற்குள் அடங்கும். மத்திய அரசின் 'சி' நிலைப் பணிகளில் 10 சதவீதம். மெட்ரிக் முடித்து 15 ஆண்டு பணியாற்றியவரை, தொழில்நுட்பத் தகுதி கேட்காத 'சி' நிலைப் பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் விதியும் உண்டு. எனவே பலர் வங்கிக்கே போகிறார்கள். ஆனால் வட்டிக் கணக்கு எழுதும் மேசையில் உட்கார நம் வீடுகளில் பலருக்கு மனம் வருவதில்லை. அது அவரவரும் அவர் கேட்கும் ஆலிமும் தீர்மானிக்க வேண்டியது. வங்கி வேண்டாம் என்று முடிவெடுக்கிறவருக்கு, கையிலிருக்கும் வானிலைத் தொழிலே ஹலாலான, கௌரவமான பிழைப்பாக நிற்க முடியும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம். அதற்கான ஏற்பாடு ஓய்வு பெறும் நாளில் தொடங்கினால் போதாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் சிவில் விமான நிலையங்களுக்கு வானிலைச் சேவை தருவது அதுதான். தனியார் விமான நிலையம் என்றாலும் அங்குள்ள வானிலை அலுவலகம் இத்துறையுடையதே. 2022-இல் பணியாளர் தேர்வாணையம் இதன் அறிவியல் உதவியாளர் பணிக்கு 990 இடங்களை அறிவித்தது. கேட்ட தகுதி: இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம், அல்லது கணினித் துறைப் பட்டம், அல்லது மின்னணு தொலைத்தொடர்புப் பொறியியல் டிப்ளமோ, அதுவும் முதல் வகுப்பில். வயது வரம்பு 30. மேலே சொன்ன '15 ஆண்டு பணி பட்டத்துக்குச் சமம்' என்ற விதி இங்கே உதவாது. இது 'பி' நிலைப் பணி, அறிவியல் தகுதி கட்டாயம். வயதுச் சலுகை எந்தப் பதவிக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு அறிவிக்கையிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதனால்தான் பணியில் இருக்கும்போதே எடுக்கும் பட்டம் எது என்பது முக்கியமாகிறது. தொலைநிலைக் கல்வியில் எளிதாகக் கிடைக்கிறது என்று பி.ஏ. முடித்து வருவோர் பலர். தேர்வு எழுத ஒரு பட்டம் என்ற அளவில் அது சரி. வானிலைத் துறையில் தொடர நினைப்பவருக்கு அந்தப் பட்டத்தால் கதவு திறக்காது. இயற்பியலும் கணிதமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர வேண்டும்.

வளைகுடாவுக்குப் போக நினைப்பவருக்கு இன்னொரு படி உண்டு. விமான வானிலை முன்னறிவிப்பாளராகப் பணியாற்ற, உலக வானிலை அமைப்பு வகுத்த அடிப்படைப் பாடத்தொகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பது 2016 டிசம்பர் முதல் சர்வதேச விதி. அவதானிப்பாளர் போன்ற தொழில்நுட்பப் பணியாளருக்கு இதைவிடச் சிறிய தொகுப்பு ஒன்று தனியே இருக்கிறது. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் என எந்த நாட்டு வானிலை மையத்துக்கு விண்ணப்பித்தாலும் இந்தக் கேள்வி வரும். படையில் நீங்கள் முடித்த பயிற்சி எந்தத் தொகுப்புக்கு இணையானது, எத்தனை மணி நேரம், என்னென்ன பாடம் என்பதைப் பயிற்சிப் பள்ளியிடமிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள். வெளியே வந்து பத்து வருடம் கழித்துக் கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும். அங்கே உள்நாட்டவருக்கு முன்னுரிமை தரும் கொள்கைகள் வலுத்துவருவதையும் மறக்கக் கூடாது. வளைகுடாவை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம்.

விமான நிறுவனங்களில் 'ஃபிளைட் டிஸ்பேட்சர்' என்றொரு பணி உண்டு. விமானம் எந்தப் பாதையில் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் வேண்டும், வழியில் இடிமேகம் இருந்தால் மாற்று நிலையம் எது என்று விமானியோடு சேர்ந்து திட்டமிடுபவர் இவர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இந்தப் பணிக்குரிய முன் அனுபவங்களைப் பட்டியலிடும்போது, விமானங்களை அனுப்பும் அமைப்பில் வானிலையாளராக இருந்ததையும் சேர்த்திருக்கிறது. இந்தியாவில் விமான நிறுவனம் ஆளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும். அனுமதி தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். இரவு ஷிப்ட் பழகியவருக்கு, விமானியோடு பேசிப் பழகியவருக்கு, இதைவிடப் பொருத்தமான வேலை அரிது என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டுக்கே உரிய வாய்ப்பு காற்றாலை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று எப்போது எவ்வளவு வீசும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் மின்தொடரைச் சமாளிக்க முடியாது. எனவே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் காற்றாலை, சூரிய மின் நிலையங்களுக்கு முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, மொத்தம் 96 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அனுமதித்த அளவைத் தாண்டித் தவறினால் உற்பத்தியாளர் கட்டணம் கட்ட வேண்டும். ஆக, தவறைக் குறைப்பவருக்கு நேரடியாகப் பண மதிப்பு இருக்கிறது. இதைச் செய்து கொடுக்கும் தனியார் நிறுவனங்கள் உண்டு. 2003-இல் தொடங்கிய ஸ்கைமெட் போன்ற தனியார் வானிலை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. காற்றாலை ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையிலேயே இருக்கிறது.

இங்கே கேட்பது வரைபடம் பார்க்கும் கண் மட்டுமல்ல, கணினியும்தான். பைத்தான் மொழியில் தரவைக் கையாளத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரியின் தரவு யாருக்கும் இலவசம். ஓய்வுக்கு ஓராண்டு முன்பே உங்கள் சொந்த மாவட்டத்துக்குத் தினமும் ஒரு முன்னறிவிப்பு எழுதி, மறுநாள் உண்மையில் நடந்ததை அருகில் குறித்து வாருங்கள். ஆறு மாதக் கணக்கை நேர்காணலில் எடுத்து வைத்தால் பதக்கங்களைவிட அது அதிகம் பேசும். பொதுவில் கிடைக்கும் தரவை மட்டுமே பயன்படுத்துங்கள். தளத்தின் உள் விவரம், விமானங்களின் நடமாட்டம் எதுவும் விண்ணப்பத்திலும் இருக்கக் கூடாது, நேர்காணல் பேச்சிலும் வரக் கூடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் பணி முடிந்த பிறகும் நம்மை விடாது.

கப்பல்களுக்குப் பாதை சொல்லும் நிறுவனங்கள், துறைமுகங்கள், பேரிடர் மேலாண்மை ஆகியவற்றிலும் இடமுண்டு. எண்ணிக்கையில் குறைவு. கடற்படையிலிருந்து வருவோருக்குக் கொஞ்சம் சாதகம்.

இந்த வேலை குறித்துச் சில வீடுகளில் வேறொரு கேள்வி எழும். மழையின் அறிவு அல்லாஹ்வுக்கு உரியதல்லவா, லுக்மான் அத்தியாயத்தின் 34-ஆம் வசனம் அதைத்தானே சொல்கிறது என்பார்கள். வானிலையாளர் மறைவானதை அறிந்ததாகச் சொல்வதில்லை. அல்லாஹ் படைப்பில் வைத்திருக்கும் அடையாளங்களை அளந்து, இத்தனை சதவீத வாய்ப்பு என்கிறார். மேகம் கறுப்பதைப் பார்த்து வலையை மடக்கும் மீனவர் செய்வதும் அதுவே. சதவீதம் என்ற சொல்லிலேயே 'எனக்கு உறுதியாகத் தெரியாது' என்பது அடங்கியிருக்கிறது.

இனி, பிள்ளையை இப்போது படையில் சேர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு. 2022 முதல் வீரர் நிலையில் சேர்க்கை பெரும்பாலும் அக்னிவீர் முறையில்தான் நடக்கிறது. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரமாக எடுக்கப்படுவர். மற்றவருக்குச் சேவா நிதி கிடைக்கும், ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லாததால் மேலே சொன்ன வங்கி ஒதுக்கீடும் அவர்களுக்குப் பொருந்தாது. சேவா நிதியில் சேரும் வட்டிப் பகுதியை என்ன செய்வது என்பதையும் முன்பே ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது. 17 வயதில் சேரும் பிள்ளை 21-இல் திரும்புகிறான் என்றால், அந்த நான்கு ஆண்டில் இயற்பியலோடு கூடிய பட்டத்தில் பாதியாவது முடித்திருக்க வேண்டும்.

அதிகாரி நிலை வேறு கணக்கு. வானிலைப் பிரிவுக்குப் பட்டப் படிப்பில் கணிதம், இயற்பியல் கேட்கிறார்கள்; எந்த நிலைப் பட்டம் என்பதை அறிவிக்கையில் பார்க்க வேண்டும். ஏஃப்கேட் தேர்வு வழியாகச் சேரலாம், பெண்களும் விண்ணப்பிக்கலாம். குறுகிய காலப் பணி 10 ஆண்டு, மேலும் 4 ஆண்டு நீட்டிக்கலாம். 14 ஆண்டில் வெளியே வந்தால் ஓய்வூதியம் இல்லை என்றாலும், கையில் பட்டமும் அனுபவமும் இருக்கும். எம்.எஸ்சி. இயற்பியல், கணிதம் முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்தத் தேர்வு அறிவிப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வரும்.

பணி முடிய ஓரிரு ஆண்டே இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மறுவாழ்வு இயக்குநரகத்தின் பயிற்சிப் பட்டியலைத் தம் பிரிவு அலுவலகத்தில் கேட்பது. பாதுகாப்புப் பணிப் பயிற்சியே முதலில் கையில் தரப்படும். தரவுப் பகுப்பாய்வு அல்லது விமானப் போக்குவரத்து சார்ந்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யும்போது, பணி என்ற இடத்தில் வெறுமனே 'மெட் அசிஸ்டென்ட்' என்று எழுதிவிட்டு வராமல், மெட்டார் அவதானிப்பு, ரேடார், முன்னறிவிப்பு விளக்கம் என்று செய்த வேலையையும் ஆண்டுகளையும் எழுதிக் கொடுங்கள்.