ஹெலன்ஸ்பரோவின் குன்றுமேல் மனைகள்

ஸ்கொத்லாந்தின் மேற்கே, கிளைட் ஆற்றின் கழிமுகத்து வடகரையில் ஹெலன்ஸ்பரோ என்னும் சிறு நகர் அமைந்துள்ளது. 1776ஆம் ஆண்டிலே அந்நிலத்துக்குரியவரான சேர் ஜேம்ஸ் கஹூன் வகுத்த இந்நகர், அவர்தம் மனைவியார் ஹெலனின் பெயரைப் பெற்றது. 1812இல் ஹென்றி பெல்லின் 'கொமெற்' என்னும் நீராவிப்படகு கிளைட் நீரில் ஓடத் தொடங்கிற்று. 1858இல் புகையிரதமும் வந்து சேர்ந்தது. அதன்பின் கிளாஸ்கோ நகரத்து வணிகர், பகலெல்லாம் ஆலைப்புகையின் நடுவே பொருளீட்டி, மாலையில் தூய காற்றை நாடி ஈண்டு வந்து தங்கலாயினர். அகன்ற நேர்த் தெருக்களின் இருமருங்கும், தோட்டங்களின் நடுவே, அவர்கள் எழுப்பிய தனிமனைகள் இன்றும் காணத்தக்கன.

அவற்றுட் பலவற்றை வகுத்தவர் வில்லியம் லீப்பர் (1839–1916). கிளாஸ்கோவிலே கம்பள ஆலையொன்றுக்கு வெனிஸ் நகர அரண்மனையின் முகத்தைச் சூட்டிய துணிவு இவருடையது. ஹெலன்ஸ்பரோவில் 1895இல் இவர் அமைத்த 'பிரான்ற்வூட்' இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற மனைகளின் சாயலை மேற்கொண்டது. 1898இல் எழுந்த 'றெட் ரவர்' அதன் பெயருக்கேற்பச் செந்நிறக் கல்லாலானது. உரிமையாளர் விரும்பிய நாட்டையும் காலத்தையும் கல்லிலே வாங்கித் தருதல் அக்காலக் கட்டடக் கலைஞரின் தொழிலாயிருந்தது. அதனை வெறும் போலி என்று ஒதுக்குவாருமுளர். எனினும் லீப்பரின் கைத்திறம் அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இவ்வழக்கத்துக்கு மாறான மனையொன்று அதே குன்றின் உச்சியில் எழுந்தது. மகாராணியார் மறைந்த மறு ஆண்டாகிய 1902இல் தொடங்கி 1904இல் முடிந்த 'ஹில் ஹவுஸ்' என்பதே அது. நூல் வெளியீட்டாளர் வோல்ரர் பிளாக்கி, சார்ள்ஸ் றெனி மக்கின்ரொஷ் என்னும் இளங் கலைஞரிடம் இதனை ஒப்படைத்தார். செங்கல்லும் மரச்சட்டமும் செவ்வோடும் வேண்டா. சாம்பல் நிறச் சொரசொரப்பான பூச்சும் கற்பலகைக் கூரையும் போதும். அழகு ஒட்டுவேலையால் அன்றி உறுப்புகளின் திரட்சியாலே தோன்றவேண்டும் என்பன அவர்தம் விருப்பங்கள். மக்கின்ரொஷ் முதலில் அக்குடும்பத்தாருடன் சில நாள் தங்கி அவர்களது வாழ்க்கைமுறையைக் கண்டறிந்தார். உள்ளறைகளை முதலில் வகுத்து, அவை ஏற்கப்பட்ட பின்னரே புறத்தோற்றத்தை வரைந்தார். தொழில் நிமித்தம் வருவோர் குடும்பத்தார் வாழும் பகுதியுள் நுழையாவண்ணம், நூலகம் தலைவாயிலின் அருகே வைக்கப்பட்டது. வரவேற்பறையோ தெற்கு நோக்கிப் புடைத்த சாளரத்தால் கழிமுகத்தின் ஒளியை ஏற்றது; அதன் கணப்புக்கு மேலே கலைஞரின் மனைவியார் மார்கரெற் மக்டொனல்ட் ஆக்கிய சுதைச் சித்திரம் பதிக்கப்பட்டது. லீப்பர் முதலியோர் புறத்திலிருந்து உள்ளே வந்தனர். மக்கின்ரொஷ் உள்ளிருந்து புறத்தே சென்றார். இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆயின் குறை அப்பூச்சிலேயே இருந்தது. ஸ்கொத்லாந்தின் பழைய கோட்டைகள் சுண்ணாம்புக் கலவையாற் பூசப்பட்டவை. அக்கலவை நீரை ஏற்பினும் பின்னர் வெளிவிட்டு உலரும் இயல்பினது. மக்கின்ரொஷ் கையாண்டது அக்காலத்துப் புதுமையாகிய போட்லண்ட் சீமெந்து. அது வெடித்தபோது வெடிப்பின் வழியே மழைநீர் புகுந்தது. புகுந்த நீருக்கு மீளும் வழியில்லை. மேலும், தூய வடிவத்தின்மேல் கொண்ட வேட்கையால், சுவரின் தலைப்பைக் காக்கும் கற்கவிகையையும் பல இடங்களில் அவர் நீக்கி, பூச்சையே மேலேற்றி மடித்துவிட்டார். மழை மிகுந்த மேற்குக் கரையில் இத்துணிவின் விலை பெரிது. பழைய கொத்தன் ஒருவனைக் கேட்டிருந்தால் தடுத்திருப்பான் போலும்!

1982இல் ஸ்கொத்லாந்து தேசிய அறக்காப்பு மன்றம் மனையைப் பொறுப்பேற்றது. பூச்சை உரித்து மாற்றின் கலைஞரின் ஆக்கம் சிதையும். மாற்றாதுவிடின் சுவரே கரையும் என்ற இக்கட்டு அதனை எதிர்கொண்டது. 2019இல் மனை முழுவதையும் மூடி உருக்குச் சட்டத்தாலான பெருங்கூடமொன்று எழுப்பப்பட்டது. அதன் சுவர்கள் போர்க்கவசம் போன்ற வளையப் பின்னலாலானவை; மழையின் பெரும்பகுதி தடுக்கப்படும், காற்று உட்சென்று சுவரை மெல்ல உலர்த்தும். காண வருவோர் கூரைக்கு மேலே அமைந்த நடைபாதையில் நின்று, மக்கின்ரொஷ் கவிகையின்றி விட்ட அச்சுவர்த்தலைப்புகளை மேலிருந்தே நோக்கலாயினர்.