மெய்யியல் மாணவரும் மூன்றாம் பிரிவும்

இளங்கலை மெய்யியல் பயிலும் பட்டியல் சாதி மாணவருக்குரிய முதன்மையான அரசு உதவி, 1944-இல் தொடங்கப்பட்ட போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையே. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதோர் இதற்குத் தகுதியுடையோர். பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றிய அரசும் மாநில அரசும் செலவை 60:40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன.

2021-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகள் படிப்புகளை நான்கு பிரிவுகளாக்கின. மருத்துவம், பொறியியல் போன்றவை அடங்கிய முதற்பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் படித்தொகை. மெய்யியல் உள்ளிட்ட கலைப்படிப்புகள் அடங்கிய மூன்றாம் பிரிவிலோ 6,000. வீட்டிலிருந்து வருவோருக்கு 3,000. விடுதி உணவின் விலை பாடத்துக்குப் பாடம் மாறுவதில்லை.

மேற்படிப்பிலும் தடையுண்டு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையிலிருந்து இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகள் 2022-இல் விலக்கப்பட்டன. சாதியைச் சிந்தனைப் பொருளாக்க விழையும் மாணவரையே இவ்விதி முதலில் தாக்குகிறது. பரோடா அரசின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா சென்ற அம்பேத்கர், அங்கே ஜான் டூயியிடம் மெய்யியல் பயின்றார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

தொகை தாமதமானால், மாநிலப் பங்கு விடுவிக்கப்பட்ட நாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். அதன் பின்னரே ஒன்றியப் பங்கு வரும். பிரிவுகளுக்கிடையிலான படித்தொகை வேறுபாட்டை நீக்குவதே நமது கோரிக்கை.