பட்டியலில் இல்லாத பெயர்: பெக்கி ஹாமன்

இன்னிக்கு ஒரு காட்சியோட ஆரம்பிக்கிறேன்.

2008 ஆகஸ்ட் 21, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். பெண்கள் பாஸ்கெட்பால் அரையிறுதி. ஒரு பக்கம் அமெரிக்கா, இன்னொரு பக்கம் ரஷ்யா. ரஷ்ய அணிக்காகப் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிற பெண்ணின் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம்தான். மைதானத்தில் இருக்கிற மற்றவர்களோடு பார்த்தால் சின்னப் பொண்ணு மாதிரி தெரிவார். அவர் பிறந்து வளர்ந்தது மாஸ்கோவிலும் இல்லை, சைபீரியாவிலும் இல்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், ரேபிட் சிட்டி என்கிற ஊர். நான்கு அமெரிக்க அதிபர்களின் முகத்தைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிற ரஷ்மோர் மலை இருக்கே, அங்கிருந்து கார்ல அரை மணி நேரம்.

அந்த ஊர்ப் பெண் ரஷ்யாவின் ஜெர்சி போட்டுக்கொண்டு தன் சொந்த நாட்டுக்கு எதிராக ஆடுகிறார். பெயர் பெக்கி ஹாமன். அமெரிக்காவில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். ஆறு வருடம் கழித்து அதே பெண் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் யாரும் திறக்காத ஒரு கதவைத் திறந்தார். ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல பாயிண்ட் கார்டுன்னா என்னன்னு சொல்லிடறேன். நான் ஸ்கூல் டீம்ல அந்த இடத்துலதான் ஆடினேன். சுமாராத்தான் ஆடினேன், அது வேற விஷயம். ஐந்து பேர் கொண்ட அணியில் பந்தை முன்னால் கொண்டுபோவதும், எந்த ஆட்டத்தை ஆடுவது என்று முடிவு செய்வதும், யாருக்கு எப்போது பந்து போகணும் என்று பார்ப்பதும் பாயிண்ட் கார்டின் வேலை. கோச் வெளியே நின்று யோசிப்பதை உள்ளே நின்று செய்துகாட்ட வேண்டும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

ஹாமன் பிறந்தது 1977. கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடினார். அவர்களுடைய கான்ஃபரன்ஸில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்ற சாதனை அதுவரை கீத் வான் ஹார்ன் என்ற ஆண் வீரரிடம் இருந்தது. அதை ஹாமன் முறியடித்தார். கடைசி வருடத்தில் அவரது அணி 33 ஆட்டங்களில் ஜெயித்து மூன்றில்தான் தோற்றது.

அப்போ 1999 டிராஃப்ட்டில் அவரை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அது. நம்ம கேம்பஸ் ப்ளேஸ்மெண்ட் மாதிரின்னு வச்சுக்கோங்க. அந்த வருடம் மொத்தம் ஐம்பது பேரை எடுத்தார்கள். ஹாமன் பெயர் அதில் இல்லை.

உயரம் போதாது, வேகம் போதாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் இதற்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்ற சூட்டில் ரெண்டு லீக் பிறந்தன. ஒன்று ஏபிஎல். அந்த வருடம் அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. இன்னொன்று, என்பிஏவின் பணபலத்தோடு 1997 கோடையில் தொடங்கிய டபிள்யூஎன்பிஏ. போட்டியில் ஏபிஎல் தாக்குப்பிடிக்கவில்லை. 1998 டிசம்பரில், சீசன் நடுவிலேயே, கடையைச் சாத்திவிட்டது. அங்கே ஆடிய அனுபவசாலிகள் அத்தனை பேரும் 1999 டிராஃப்ட்டுக்கு வந்து நின்றார்கள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பெரிய கம்பெனி மூடிடுச்சு. பத்து வருஷ அனுபவம் இருக்கறவங்க எல்லாம் ஃப்ரெஷர் வேலைக்கு வந்து வரிசையில நிக்கறாங்க. நீங்க காலேஜ் டாப்பராவே இருங்க, உங்க ரெசுமேவை யார் பார்ப்பா? நான் படிப்பு முடிச்ச வருஷம் எங்க டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுல ஒரு பட்டியல் ஒட்டினாங்க. அதுல என் பேர் இல்ல. மூணு தடவை மேலேருந்து கீழே படிச்சேன். நம்ம கிட்டதான் ஏதோ குறைன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த வருஷம் சந்தையே சரியில்லைங்கறது பின்னாடிதான் புரிஞ்சுது. ஹாமன் கதை எனக்குப் பிடிச்சுப்போனது இந்த இடத்துலதான்.

டிராஃப்ட்டில் விடுபட்டவரை நியூயார்க் லிபர்ட்டி அணி ஒப்பந்தம் செய்தது. ஆனால் அங்கே பாயிண்ட் கார்டாக இருந்தவர் தெரேசா வெதர்ஸ்பூன். 1999 இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், நேரம் முடிகிற நொடியில் அரை மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து பந்தை வீசி ஜெயிக்க வைத்தவர். நியூயார்க்கே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து தொழில் கற்றார் ஹாமன். 2003ல் முழங்கால் ஏசிஎல் கிழிந்தது. அதிலிருந்து மீண்டு வந்தார். வெதர்ஸ்பூன் போன பிறகு, 2004ல்தான் அந்த இடம் முழுதாக அவருக்குக் கிடைத்தது.

2007 ஏப்ரலில் நியூயார்க் அவரை சான் அன்டோனியோவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. போன இடத்தில் என்ன செய்தார்? அந்த சீசனில் ஓர் ஆட்டத்துக்கான அசிஸ்ட் சராசரியில் லீகிலேயே முதலிடம். சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம்.

அதே 2007ல் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கான உத்தேசப் பட்டியல் வெளியானது. 23 பேர். மறுபடியும் அவர் பெயர் இல்லை. வயது முப்பது ஆகிவிட்டது. பெய்ஜிங்கை விட்டால் இன்னொரு ஒலிம்பிக்ஸ் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம். இது புரியலைன்னா மீதிக் கதை புரியாது.

டபிள்யூஎன்பிஏ ஒரு கோடைக்கால லீக். அப்போது உச்ச நட்சத்திரத்துக்கே வருடச் சம்பளம் சுமார் ஒரு லட்சம் டாலர்தான். ஆண்கள் என்பிஏவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வாங்குவது அதைவிடப் பல மடங்கு. ஆகவே குளிர்காலம் வந்தால் பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே அதிகம் கொடுத்தது ரஷ்யா. டிக்கெட் விற்று வந்த காசு இல்லை அது. பெரும் தொழிலதிபர்களும் நிறுவனங்களும் கௌரவத்துக்காகக் கொட்டிய பணம். பின்னாளில் எகாடெரின்பர்க் அணி, டயானா டௌராசிக்கு 2015 டபிள்யூஎன்பிஏ சீசனில் ஆடாமல் ஓய்வெடுக்கவே சம்பளம் கொடுத்தது என்றால் பார்த்துக்கோங்க. சும்மா இருக்கக் கிடைத்த பணம், ஆடினால் சொந்த நாட்டில் கிடைப்பதைவிட அதிகம்!

ஹாமன் சேர்ந்தது சிஎஸ்கேஏ மாஸ்கோ. சோவியத் காலத்தில் ராணுவத்தின் கிளப் அது. அங்கே ஆடும்போதுதான் ரஷ்யத் தேசிய அணிக்கு ஆடுகிறாயா என்ற கேள்வி வந்தது. சர்வதேச விதிப்படி ஒரு நாட்டு அணியில், குடியுரிமை வாங்கிச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் இருக்கலாம். அமெரிக்காவின் சீனியர் அணிக்காக ஹாமன் பெரிய போட்டி எதிலும் ஆடியதில்லை என்பதால் தடையும் இல்லை. ரஷ்யப் பாஸ்போர்ட் வந்தது. அமெரிக்கக் குடியுரிமையை அவர் விடவில்லை.

அமெரிக்க அணியின் கோச் ஆன் டோனவன் கொதித்துப் போனார். இந்த மண்ணில் வளர்ந்து ரஷ்யாவின் சீருடையைப் போடுகிறவள் என் கணக்கில் தேசபக்தி உள்ளவள் இல்லை என்ற கருத்தில் வெளிப்படையாகவே பேசினார்.

இங்க டோனவனை வில்லியாக்கிடாதீங்க. அவங்க பக்கமும் ஒரு வரலாறு இருக்கு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கான அமெரிக்க அணியில் இருந்தவர் டோனவன். சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா அந்த ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்தது. நாடு போகாதே என்றது, அவர் போகவில்லை. பிறகு 1984லும் 1988லும் தங்கம் வென்றார். ஆனால் அந்தத் தலைமுறைக்கு ரஷ்யா என்பது வெறும் எதிரணி இல்லை. தங்கள் ஒலிம்பிக்ஸ் ஒன்றை விழுங்கிய பெயர் அது.

ஹாமனுக்கோ ரஷ்யா என்பது சம்பளம் கொடுத்த ஊர், சக ஆட்டக்காரர்கள் இருந்த ஊர். ஒரே சொல்தான். ரெண்டு பேருக்கு ரெண்டு அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லணும். ஜே.ஆர். ஹோல்டன் என்ற அமெரிக்கர், அவரும் பாயிண்ட் கார்டுதான், அதே சிஎஸ்கேஏவின் ஆண்கள் அணிக்காரர். ரஷ்யக் குடியுரிமை வாங்கி, 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் போட்ட கூடையால் ரஷ்யாவை ஜெயிக்க வைத்தார். பெய்ஜிங்கிலும் ரஷ்யாவுக்கு ஆடினார். ஆனால் விவாதத்தின் சூடெல்லாம் ஹாமன் மேலேயே விழுந்தது. ஏன் அப்படி என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, அரையிறுதி என்ன ஆச்சு? அமெரிக்கா 67, ரஷ்யா 52. ஹாமன் எடுத்தது வெறும் மூன்று புள்ளிகள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சீனாவை ரஷ்யா 94-81 என்று வென்றது. அதில் ஹாமன் 22 புள்ளிகள். கழுத்தில் பதக்கத்தோடு வீடு திரும்பினார். நான்கு வருடம் கழித்து லண்டனிலும் ரஷ்யாவுக்கு ஆடினார். அங்கே நான்காம் இடம்.

வரலாறு சில சமயம் விமானத்தில் பக்கத்து சீட்டில் வந்து உட்காரும். லண்டனிலிருந்து திரும்பும்போது ஹாமனுக்குப் பக்கத்தில் இருந்தவர் கிரெக் பொபோவிச். சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் புகழ்பெற்ற கோச். அமெரிக்க விமானப்படை அகாடமியில் சோவியத் விவகாரங்களைப் பாடமாகப் படித்த மனிதர் அவர். அமெரிக்காவில் பலருக்குக் குற்றமாகத் தெரிந்த ஹாமனின் ரஷ்ய அனுபவம், இவரிடம் மணிக்கணக்கில் பேசத் தகுந்த விஷயமாகத்தான் இருந்திருக்கும்.

2013ல் மறுபடியும் ஏசிஎல் கிழிந்தது. சீசனே போச்சு. வீட்டில் முடங்காமல், ஸ்பர்ஸின் பயிற்சிகளிலும் கோச்சுகளின் கூட்டங்களிலும் உட்கார அனுமதி வாங்கினார். பார்த்தார், கேட்டார், கருத்துச் சொன்னார். 2014 ஆகஸ்ட்டில் ஸ்பர்ஸ் அவரை உதவி கோச்சாக நியமித்தது. என்பிஏவில் முழுநேரச் சம்பளத்தோடு அந்த வேலைக்கு வந்த முதல் பெண். நான் ஆரம்பத்துல சொன்ன கதவு இதுதான். அடுத்த வருடம் லாஸ் வேகாஸ் கோடை லீக்கில் ஸ்பர்ஸ் அணிக்குத் தலைமை கோச்சாக இருந்து கோப்பையும் வென்றார்.

2020 டிசம்பர் 30. லேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், இரண்டாவது குவார்ட்டரில், நடுவரிடம் சண்டை போட்ட பொபோவிச்சை வெளியே அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஹாமனைக் கைகாட்டிவிட்டுப் போனார். என்பிஏவின் வழக்கமான சீசன் ஆட்டம் ஒன்றில் தலைமை கோச்சாகச் செயல்பட்ட முதல் பெண் அவர். ஸ்பர்ஸ் தோற்றது. வரலாறு ஜெயிக்கிற நாளாப் பார்த்துதான் வரணும்னு இல்லையே!

ஆனால் என்பிஏ தலைமை கோச் வேலை கிடைத்ததா? இல்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், வேலை கொடுக்கவில்லை. இன்றுவரை எந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மூன்றாவது தடவையாகப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதனால் பெண்கள் லீக்குக்கே திரும்பி, லாஸ் வேகாஸ் ஏசஸ் அணியைக் கையில் எடுத்தார். முதல் சீசனிலேயே, 2022ல், கோப்பை. 2023ல் மறுபடி. 2025ல் இன்னொன்று.

எல்லாம் பொன்னாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். தான் கர்ப்பமாக இருந்ததை வைத்துத் தன்னிடம் தவறாகப் பேசினார் என்று ஏசஸில் ஆடிய டியாரிக்கா ஹாம்பி குற்றம் சாட்டினார். விசாரணை நடத்திய லீக், 2023ல் ஹாமனை இரண்டு ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது. ஹாமன் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். கதையைச் சொன்னா இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

இன்னொரு பக்கம், அந்த ரஷ்யப் பாதை எங்கே போய் முடிந்தது? 2022 பிப்ரவரியில் பிரிட்னி கிரைனர், எகாடெரின்பர்க் அணிக்கு ஆடப் போகும்போது மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். டிசம்பரில்தான் விடுதலை. அவரும் போனது அதே குளிர்காலச் சம்பளத்துக்குத்தான். சொந்த ஊரில் உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லாதபோது மனிதர்கள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, எதையெல்லாம் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது!

ஹாமன் செய்தது சரியா தப்பான்னு என்கிட்ட கேட்டா, எனக்கு இப்படித்தான் படுது. ஒரு நாடு உன்னைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கலாம், அது அதன் உரிமை. தேர்ந்தெடுக்காத பிறகு, நீ வேறு எங்கும் ஆடக் கூடாது என்று சொல்வது அந்த உரிமைக்குள் வராது. டோனவனின் கோபம் எனக்குப் புரிகிறது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

கடைசியா, ஆரம்பத்துல ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே? பாயிண்ட் கார்டுக்கு வழி அடைபட்டால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. விதியும் விடாது, நேரமும் விடாது. அடுத்த இடைவெளியைத் தேடியே ஆகணும். 2023ல் ஹாமன் பெயர் பாஸ்கெட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் ஏறியது. அந்தப் பட்டியல்ல பேர் இருக்கு மக்களே. நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.