பனாவேயின் படிவயல்கள்: ஈராயிரம் ஆண்டா, நானூறு ஆண்டா?

பிலிப்பைன்ஸ் நாட்டின் வடபால் உள்ள பெருந்தீவு லூசோன். அத்தீவின் நடு மலைநாட்டில் இபுகாவ் என்னும் மாநிலம் உளது. 1966-ஆம் ஆண்டில் தனி மாநிலமான அதன் ஊராட்சிகளுள் ஒன்று பனாவே. மணிலாவிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவு. கடல் மட்டத்திற்கு மேல் 1,200 மீட்டர் அளவில் உயரம். 18 சிற்றூர்களில் 20,000 பேரளவில் வாழ்கின்றனர். அவர்கள் வழிவழியாகச் செய்து வரும் தொழில் நெல் வேளாண்மை. சமநிலம் என்று சொல்லத்தக்க இடம் அங்கே மிகக் குறைவு. ஆகவே மலையையே வெட்டிச் சமநிலம் ஆக்கினர்.

பள்ளத்தாக்கின் அடியிலிருந்து முகில் தவழும் உயரம் வரை, படிப்படியாக வயல்கள். ஒவ்வொரு படியையும் ஒரு சுவர் தாங்கி நிற்கிறது. பனாவேப் பகுதியில் பெரும்பாலும் கற்சுவர். சாந்து பூசாமல் கல்லைக் கல்லோடு பொருத்தி எழுப்பியது. ஏரும் எருதும் ஏறாத இடமாதலின், முன்னோர் கையாண்ட கருவி மரத்தால் ஆகிய மண்வாரியே.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதே கவனிக்கத் தக்கது. வயல்களுக்கு மேலே மரம் செறிந்த காட்டுத்துண்டு ஒன்று இருக்கும். அதற்கு முயோங் என்று பெயர். அது குடும்பத்தின் உடைமை. விறகும் வீட்டுமரமும் தரும். அதனினும் மேலாக, மழைநீரை உறிஞ்சி வைத்துக் கொண்டு சிறிது சிறிதாகக் கீழே விடும். அந்நீர் வாய்க்கால் வழியே முதற்படியில் பாய்ந்து, மடை வழியே அடுத்த படிக்கு இறங்கும். மேலே ஒருவர் காட்டை அழித்தால் கீழே பலருடைய வயல் வறளும். மேற்படிச் சுவர் ஒன்று சரிந்தால் கீழ்ப்படிகளும் கெடும். அண்டை வீட்டாருடன் பகை கொண்டு இத்தகைய வயலில் பயிரிட இயலாது.

அங்கு விளையும் பழைய நெல்லினம் தினாவோன் எனப்படும். ஆண்டுக்கு ஒரு முறை என்பது அச்சொல்லின் பொருள். மலைக்குளிரைத் தாங்கி மெல்ல வளர்ந்து, ஆண்டின் நடுவில் அறுவடைக்கு வரும். பெண்கள் கதிர் கதிராகக் கொய்து கொண்டே ஊதூத் என்னும் நெடுங்கதைப் பாடல்களைப் பாடுவர். ஒருத்தி முன்பாட, ஏனையோர் தொடர்வர். 2001-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பாடல் மரபைச் சிறப்பித்து அறிவித்தது.

இம்மக்களைப் பற்றி வெளியுலகிற்கு விரிவாக எழுதிய இருவர், அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் அங்குப் போன பள்ளி ஆசிரியர்கள். 1905-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸுக்கு வந்த ஆட்லி பேயர் பனாவேயில் கற்பித்தார். அவ்வூர்ப் பக்கத்துத் தலைவர் ஒருவரின் மகளை மணந்தார். ராய் பார்ட்டன் அண்டை ஊரான கியாங்கானில் கற்பித்தவர். இபுகாவ் மக்களின் சட்டமுறை பற்றி அவர் எழுதிய நூல் 1919-இல் வெளிவந்தது. ஆணாயினும் பெண்ணாயினும் முதற்பிள்ளைக்கே பெருவயல் சேரும் என்ற வழக்கை அதில் காணலாம். வயல் துண்டுபடாமல் காத்தது அவ்வழக்கே. (சிங்கப்பூரை 1942-இல் கைப்பற்றிய படைத்தலைவர் யமாஷிதா 1945 செப்டம்பரில் சரணடைந்ததும் இதே கியாங்கானில்தான்.)

இப்படிவயல்களுக்கு வயது ஈராயிரம் ஆண்டுக்கு மேல் என்று சொன்னவர்களும் இவர்களே. சான்று யாது? இத்தனை மலைகளைக் கையால் வெட்ட எத்தனை தலைமுறை வேண்டும் என்று மதிப்பிட்டனர், அவ்வளவே. மண்ணைத் தோண்டிக் கண்ட முடிபன்று. ஆயினும் அது பாடநூலில் ஏறியது. பாடநூலில் ஏறிய எண்ணை இறக்குவது எளிதன்று என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

1962-இல் பெலிக்ஸ் கீசிங் என்னும் அறிஞர் ஸ்பானியர் ஆவணங்களை ஆராய்ந்து, இவை ஸ்பானியர் வருகைக்குப் பிற்பட்டவை என்றார். பின்னர் ஸ்டீபன் அக்காபாடோ என்னும் தொல்லியலறிஞர், பனாவேயைச் சேர்ந்த போக்கோஸ் வயல்களின் அடிமண்ணில் கிடைத்த கரியைக் கொண்டு காலம் கணித்து 2009-இல் வெளியிட்டார். அக்கணிப்பு வயல்கள் எழுந்த காலத்தை 1500-க்கும் 1800-க்கும் இடையில் வைத்தது. பழைய கியாங்கான் ஊரிருந்த இடத்தில் நடந்த அகழாய்வும் அதனோடு ஒத்தது: முன்னர்ச் சேம்பு, 1650-ஐ ஒட்டிய காலத்திற்குப் பின்னரே நெல் பெருகியது.

காரணம் என்ன? ஸ்பானியர் மாகாட் ஆற்றுச் சமவெளியில் புகுந்தபோது, பணிய விரும்பாதோர் மலையேறினர். மலையில் திரண்ட மக்களுக்குச் சோறு வேண்டும். எதிர்த்து நிற்க ஒற்றுமை வேண்டும். நெல்வயல் இரண்டையும் தந்தது என்பது அக்காபாடோவின் கருத்து.

ஆண்டுகளைக் குறைப்பது தம் முன்னோரைக் குறைப்பதாகும் என்று இபுகாவ் மக்களுள் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் புரிந்து கொள்ளத் தக்கதே. பழமையைப் பெருமையாகக் கொள்வது நமக்கும் புதிதன்று. ஆனால் ஈராயிரம் ஆண்டில் மெல்ல மெல்ல ஆன வேலையினும், படையெடுப்பின் நெருக்கடியில் சில தலைமுறைகளுக்குள் முடித்த வேலை பெரிதன்றோ? பேயர் அம்மக்களின் பழமையை மிகுத்து மதித்தார். ஆற்றலைக் குறைத்து மதித்தார்.

1995-இல் யுனெஸ்கோ இப்படிவயல்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பனாவேயில் பாத்தாட், பங்கான் ஆகிய இரு தொகுதிகளுக்கே அவ்வேற்பு. பயணிகள் கூடி நின்று படம் பிடிக்கும் ஊரருகு வயல்கள் அதில் சேரா. 2001-இல் அழிவுக்கு இலக்கானவை என்ற பட்டியலில் அச்சின்னம் சேர்க்கப்பட்டது; 2012-இல் நீக்கப்பட்டது. எனினும் பயிரின்றிக் கிடக்கும் படிகள் இன்றும் உள. நீர் நில்லாத படியில் மண் வெடிக்கும், மண்புழு துளைக்கும், அடுத்த பெருமழையில் சுவர் சரியும். முதற்பிள்ளைக்கு வயல் என்பது பழைய சட்டம். அம்முதற்பிள்ளையே இன்று பல வீடுகளில் பாகியோவிலோ மணிலாவிலோ சம்பள வேலையில் இருக்கிறார்.