வயதா, கைப்பழக்கமா?

புதிய, வெளிச்சமான அரங்கில் விடப்பட்ட ஆய்வுக்கூட எலி முதலில் சுவரோரமாகவே ஓடும். துணிவு வந்தபின்தான் நடுவுக்கு வரும், பின்னங்காலில் நிமிர்ந்து மோப்பம் பிடிக்கும். மிரண்ட எலியோ உறைந்து நின்று புழுக்கை போடும். அந்தப் புழுக்கையை எண்ணியே அச்சத்தை அளந்தார் அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால், 1934-இல். வேடிக்கையாகத் தோன்றினாலும் அந்தத் திறந்தவெளிச் சோதனை இன்றும் வழக்கில் இருக்கிறது. அதில் எலியின் துணிவைத் தீர்மானிப்பது வயதா, மனிதக் கையா?

வயதின் கணக்கு ஓரளவு எளிது. மூன்று வாரத்தில் பால்குடி மறந்த குட்டி, விடலைப் பருவத்தில் புதியதை எல்லாம் துருவிப் பார்க்கும். இரண்டு வயதானால் கிழம். ஓட்டமும் நிமிர்தலும் குறைந்துவிடும். ஆனால் அது தசை தளர்ந்து நிற்கிறதா, பயந்து நிற்கிறதா? ஓடிய தூரத்தை மட்டும் அளந்தால் தெரியாது.

கையின் கணக்குதான் சிக்கலானது. 1950-களில் சீமோர் லெவின் என்ற ஆய்வாளர், புதிதாய்ப் பிறந்த குட்டிகளை நாள்தோறும் சில நிமிடம் கூட்டிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தார். தொல்லைப்பட்டவை பயந்தாங்கொள்ளிகளாக வளரும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு: கை படாமல் கிடந்தவையே பின்னாளில் அரங்கில் ஒடுங்கின. இதில் கையின் கனிவுக்குப் பெரிய பங்கில்லை என்பது என் எண்ணம். திரும்பி வந்த குட்டியைத் தாய் கூடுதலாக நக்கிக் கொடுக்கிறது. மைக்கேல் மீனி குழுவின் 1997 ஆய்வு, மன அழுத்தத்தைத் தாங்கும் திறனை அந்த நக்கிக்கொடுத்தலோடுதான் இணைத்தது. வளர்ந்த எலியைக் கையில் எடுத்துப் பழக்குவதும் பயன் தரும். ஆனால் பெரும்பாலும் தணிவது மனிதர்மீதான அச்சமே. எடுப்பவர் யார் என்பதும் முக்கியம்: ஆண்களின் உடல்வாடையே எலிகளுக்கு மன அழுத்தம் தருவதாக 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

வயதும் கையும் சந்திக்கும் இடம் மீனி குழுவின் 1988 ஆய்வு. குட்டிப் பருவத்தில் கை பட்ட எலிகளுக்கு 24 மாத வயதிலும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியில் நரம்பணு இழப்பு குறைவு; இடத்தை நினைவில் வைக்கும் திறனும் குன்றவில்லை. முதுமையின் விளைவு என்று நாம் எழுதிவைப்பதில் ஒரு பகுதி, முதல் மூன்று வாரத்தின் விளைவாக இருக்கலாம்.

ஆகவே கைப்பழக்க விவரம் இல்லாமல் இளசையும் கிழத்தையும் ஒப்பிடும் ஆய்வறிக்கை எனக்கு அரைகுறைதான்.