வேட்டைக்கான சீரொளித் தொலைவுமானி

வேட்டைக்கான சீரொளித் தொலைவுமானி என்பது, வேட்டையாடுபவர் நிற்கும் இடத்துக்கும் விலங்கு நிற்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவை ஒளித்துடிப்புகளின் உதவியால் அளந்து காட்டும் கையடக்கக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் லேசர் என்று அழைக்கப்படும் சீரொளியை அடிப்படையாகக் கொண்ட இக்கருவி, ஐக்கிய அமெரிக்காவில் மான், எல்க் முதலிய விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாடுவோரிடம் பெருவழக்காக உள்ளது. அங்கு தொலைவு பெரும்பாலும் கஜத்தில் குறிக்கப்படுகிறது. ஒரு கஜம் 0.9144 மீட்டர் ஆகும்.

இக்கருவிகளின் பெட்டி மீது பெரிய எழுத்தில் அச்சிடப்படும் உச்சத் தொலைவே பலரது தெரிவைத் தீர்மானிக்கிறது. உண்மையில் ஒரு கருவியின் நம்பகத்தன்மையைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண் அதுவே. மானைக் குறிவைக்கும்போது மானின் தொலைவையே காட்டுகிறதா, அல்லது அதன் முன்னுள்ள புதரின் தொலைவையோ பின்னுள்ள சரிவின் தொலைவையோ காட்டுகிறதா என்பதே முதன்மையான கேள்வி. தவறான எண்ணை நம்பி எய்தால் விலங்கு உடனே இறப்பதில்லை. காயத்துடன் தப்பி ஓடிப் பல மணி நேரமோ பல நாட்களோ துன்புற நேரிடலாம்.

வரலாறு

தொலைவை ஒளியியல் முறையில் அளக்கும் கருவிகள் சீரொளிக்கு முன்பே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார் அண்ட் ஸ்ட்ரவுட் நிறுவனம் உருவாக்கிய தொலைவுமானிகள் போர்க்கப்பல்களில் பயன்பட்டன. இரு முனைகளிலிருந்து தெரியும் உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கோண வேறுபாட்டிலிருந்து தொலைவைக் கணிப்பது இவற்றின் முறை. துல்லியம் வேண்டுமெனில் கருவி நீளமாக இருக்க வேண்டும் என்பதால் இவை வேட்டைக்காரரின் சட்டைப்பைக்கு ஒத்துவரவில்லை.

1960ஆம் ஆண்டு மே மாதம் தியோடர் மைமன் கலிபோர்னியாவில் உள்ள ஹியூஸ் ஆய்வகத்தில் முதல் சீரொளியை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே படைத்துறைக்கான சீரொளித் தொலைவுமானிகள் தோன்றின. பொதுமக்கள் வாங்கக்கூடிய கருவிகளுக்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. செருமனியின் லைக்கா நிறுவனம் 1992இல் ஜியோவிட் என்னும் தொலைவுமானி இணைந்த இருகண் நோக்கியை வெளியிட்டது. 1990களின் நடுப்பகுதியில் புஷ்னெல் நிறுவனத்தின் யார்டேஜ் புரோ வரிசை இக்கருவியை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. மலிவான குறைகடத்திச் சீரொளிகள் பரவியதே இதற்குக் காரணம்.

செயற்படும் முறை

பொத்தானை அழுத்தியதும் கருவி மிகக் குறுகிய அகச்சிவப்பு ஒளித்துடிப்புகளை வெளிவிடுகிறது. அவை இலக்கின் மீது பட்டுச் சிதறி, ஒரு சிறு பகுதி கருவிக்குத் திரும்புகிறது. சென்று திரும்ப எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். ஒளி 1 மீட்டர் சென்று திரும்ப ஏறத்தாழ 6.67 நானோநொடியே ஆகும். 400 மீட்டர் தொலைவுக்கு 2.67 மைக்ரோநொடி. இவ்வளவு நுண்ணிய நேரத்தை அளப்பது கடினமாகத் தோன்றினாலும், மின்னணுவியல் அந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. இன்று விற்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரு கஜம் கூடுதல் குறைவு என்ற துல்லியத்தை எளிதில் எட்டுகின்றன. எனவே கால் கஜம், அரைக் கஜம் என்று துல்லியத்தை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதில் பயன் அதிகம் இல்லை. திரும்பிய ஒளி எந்தப் பொருளிலிருந்து வந்தது என்பதே தீராத சிக்கல்.

பெரும்பாலான கருவிகள் 905 நானோமீட்டர் அலைநீளத்தைப் பயன்படுத்துகின்றன. இதற்கு மலிவான சிலிக்கன் உணரிகளே போதும். விலை உயர்ந்த சில கருவிகளில் 1550 நானோமீட்டர் அலைநீளம் பயன்படுகிறது. இவ்வொளி விழித்திரையை அடையும் முன் கண்ணின் நீர்ப்பகுதிகளில் உறிஞ்சப்பட்டு விடுவதால், கண்ணுக்குத் தீங்கின்றிக் கூடுதல் ஆற்றலைச் செலுத்த முடிகிறது. அதே காரணத்தால் ஈரப்பதம் மிகுந்த சூழலில் அது கூடுதலாக உறிஞ்சப்படவும் செய்கிறது. எந்த அலைநீளமாயினும், பொதுப் பயன்பாட்டுக்கான கருவி கண்ணுக்குப் பாதுகாப்பான முதலாம் வகுப்புச் சீரொளி எனக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உச்சத் தொலைவு என்னும் எண்

பெட்டியில் 1000 கஜம் என்றிருந்தால், அது சாலைப் பெயர்ப்பலகை போன்ற எதிரொளிக்கும் பரப்பில் அளக்கப்பட்ட தொலைவு. விளக்கக் குறிப்பேட்டின் உட்பக்கத்தில் மரத்துக்கு ஒரு எண்ணும் மானுக்கு ஒரு எண்ணும் தனியே இருக்கும். மானுக்கான எண் பெரும்பாலும் உச்சத் தொலைவில் பாதியை விடக் குறைவு. மானின் மயிர் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதும், ஒரு பகுதியை உறிஞ்சிக் கொள்வதும் இதற்குக் காரணம். 1969இல் அப்பல்லோ 11 பயணிகள் நிலவில் வைத்த எதிரொளிப்பான், ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் சீரொளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை நினைத்தால், இலக்கின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

தொலைவு கூடும்போது சைகை குறையும் விதமும் கவனிக்கத்தக்கது. கற்றை முழுவதையும் இலக்கு மறைக்குமளவு பெரிதாக இருந்தால், தொலைவு இரு மடங்காகும்போது திரும்பும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். இலக்கு கற்றையை விடச் சிறிதாகிவிட்டால் அது பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஒரு மலைச்சரிவை 800 கஜத்தில் அளக்கும் கருவி, அதே தொலைவில் நிற்கும் மானை அளக்கத் திணறுவது இதனாலேயே. கடும் வெயில் பின்னணி இரைச்சலைக் கூட்டும். மூடுபனி, மழை, பனிப்பொழிவு ஆகியவை ஒளியைச் சிதறடிக்கும். பெட்டியில் உள்ள எண் இவை எதுவும் இல்லாத சூழலுக்கு உரியது.

கற்றையின் விரிவு

சீரொளிக் கற்றை ஊசிபோல் மெல்லியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கற்றை செல்லச் செல்ல விரிகிறது. 1 மில்லிரேடியன் விரிவு என்றால் 500 மீட்டரில் கற்றையின் அகலம் 50 சென்டிமீட்டர். குறைகடத்திச் சீரொளியின் ஒளிவிடும் பகுதி ஒரு பட்டையாக இருப்பதால், கற்றையும் பெரும்பாலும் செவ்வகமாகவே அமைகிறது. எடுத்துக்காட்டாக 3 மில்லிரேடியன் உயரமும் 1 மில்லிரேடியன் அகலமும் உடைய கற்றை, 400 மீட்டரில் 120 சென்டிமீட்டர் உயரமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்டிருக்கும். வெண்வால் மானின் முதுகிலிருந்து மார்பின் அடிவரை உள்ள அளவு சுமார் 45 சென்டிமீட்டரே.

இதன் விளைவைச் சமவெளியில் எளிதாகக் கணக்கிடலாம். கண் மட்டம் தரையிலிருந்து 1.7 மீட்டர், மானின் மார்பு 0.8 மீட்டர், இடையில் தொலைவு 400 மீட்டர் எனக் கொள்வோம். மேற்கூறிய கற்றையை மார்பின் நடுவில் நிறுத்தினால் அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் செல்லும். கை நடுக்கத்தால் கற்றை ஒரே ஒரு மில்லிரேடியன் தாழ்ந்தால், கீழ்விளிம்பு மானுக்குச் சுமார் 42 மீட்டர் முன்னதாகவே தரையைத் தொட்டுவிடும். கருவி 358 என்று காட்டலாம், அல்லது 400 என்று காட்டலாம். இரண்டும் துல்லியமான அளவுகளே. ஒன்று புல்லின் தொலைவு, மற்றது மானின் தொலைவு.

ஆகவே விவரக்குறிப்பில் கற்றை விரிவு தரப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைக் குறிப்பிடாத உற்பத்தியாளர்கள் பலர் உள்ளனர். முக்காலியில் பொருத்தும் வசதி, கிராம் கணக்கில் எடைக்குறைப்பைக் காட்டிலும் பெரிய நன்மை தரும். தொடர்ந்து அளக்கும் வருடல் முறையும் உதவும். விலங்கையும் அதைச் சுற்றியுள்ள மரம், பாறை ஆகியவற்றையும் மாறி மாறி அளந்து, எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அனுபவமிக்கோரின் வழக்கம்.

முதல் இலக்கும் கடைசி இலக்கும்

பல துடிப்புகள் பல பொருட்களிலிருந்து திரும்பும்போது எதைத் திரையில் காட்டுவது என்பதைக் கருவியின் மென்பொருள் முடிவு செய்கிறது. முதல் இலக்கு முறையில் அருகிலுள்ள பொருளின் தொலைவும், கடைசி இலக்கு முறையில் தொலைவிலுள்ள பொருளின் தொலைவும் காட்டப்படும். குழிப்பந்தாட்டத்துக்கான தொலைவுமானிகள் பின்னணி மரங்களை விலக்கிக் கொடிக்கம்பத்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் முதல் இலக்குக்கு முன்னுரிமை தருகின்றன. காட்டில் இதே பண்பு இடையூறாகும். மானுக்கு முன்னால் அசையும் ஒரு கிளை போதும். இலைகள், தூறல் ஆகியவற்றை ஊடுருவி அளக்கக் கடைசி இலக்கு முறை தேவை. திறந்த சரிவின் விளிம்பில் நிற்கும் விலங்குக்கு முதல் இலக்கு முறை பொருந்தும். இரண்டையும் பயனர் மாற்றிக்கொள்ள இயலும் கருவியே வேட்டைக்கு ஏற்றது. விலை குறைவு என்பதற்காகக் குழிப்பந்தாட்டக் கருவியை வாங்குவது இவ்வகையில் சிக்கனம் அன்று.

சாய்கோணம்

மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எய்யும்போது, ஈர்ப்பு விசையின் தாக்கம் ஏறத்தாழ கிடைத்தொலைவைப் பொறுத்தது. 30 பாகை சரிவில் 400 கஜம் என்று அளக்கப்பட்டால் கிடைத்தொலைவு 346 கஜமே. மலைப்பகுதியில் வேட்டையாடுவோருக்கு இத்திருத்தம் இன்றியமையாதது. மரத்தில் கட்டிய பரண் மீதிருந்து வில்லால் எய்வோருக்கு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இது முக்கியமன்று. 6 மீட்டர் உயரப் பரணிலிருந்து 20 கஜத்தில் உள்ள மானுக்குச் சாய்தொலைவு 21 கஜமே. வேறுபாடு ஒரு கஜம் மட்டுமே.

பிழையின் விளைவு

.30-06 வகைத் துப்பாக்கியில் 180 கிரெய்ன் குண்டை நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் சுட்டு, 200 கஜத்தில் குறியைச் சரிசெய்திருந்தால், குண்டு 300 கஜத்தில் சுமார் 8 அங்குலமும் 400 கஜத்தில் சுமார் 24 அங்குலமும் 500 கஜத்தில் சுமார் 48 அங்குலமும் தாழும். 200 கஜத்துக்குள் தொலைவு சற்றுப் பிழைத்தாலும் பாதிப்பில்லை. அத்தொலைவில் துப்பாக்கி ஏந்தியவருக்குத் தொலைவுமானியே தேவைப்படாது எனலாம். 450 கஜத்தில் நிற்கும் மானை 400 என்று கருதிக் குறியைத் திருத்திச் சுட்டால், குண்டு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கீழே படும். இதயத்துக்கு வைத்த குறி காலை முறிக்க இவ்வளவு போதும். வில்லில் இது இன்னும் கடுமையானது. நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு, 40 கஜத்தை 35 கஜம் என்று கருதி எய்தால் சுமார் 12 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். ஆகவே நீண்ட தொலைவு எண்களைப் பற்றி அதிகம் பேசப்பட்டாலும், இக்கருவியால் மிகுந்த பயனடைவோர் குறுந்தொலைவில் எய்யும் வில்வேட்டையாளரே.

சரியான தொலைவு தெரிந்தாலும் மற்றவை தெரிவதில்லை. மேற்கூறிய குண்டை மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 400 கஜத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளிவிடும். அத்தொலைவைக் கடக்க அது அரை நொடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்துவிடலாம். இவற்றைத் தொலைவுமானி அளப்பதில்லை. 1887இல் தொடங்கப்பட்ட பூன் அண்ட் குரோக்கெட் கழகம், விலங்கு தன் புலன்களால் வேட்டையாடுபவரை உணரவே இயலாத மிகைத் தொலைவிலிருந்து சுடுவது நியாயமான வேட்டை நெறிக்கு ஒவ்வாது என்ற நிலைப்பாட்டை எடுத்துள்ளது.

திரை, மின்கலம், உறுதி

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு முதல் மறைவுக்கு அரை மணி பின்பு வரை வேட்டைக்கு அனுமதி உண்டு. மான்கள் வெளிவருவதும் அந்தக் கருக்கல் நேரத்தில்தான். நீர்மப் படிகத் திரையின் கருநிற எண்கள் அப்போது இருண்ட காட்டின் பின்னணியில் தெரிவதில்லை. கடுங்குளிரில் அத்திரை மெதுவாகவும் இயங்கும். ஒளிர்வைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சிவப்பு எண்கள் கொண்ட திரை ஏற்றது. இலித்தியம் மின்கலங்கள் குளிரில் காரமின்கலங்களை விட நன்கு செயற்படும். நீர்காப்பில் ஐ.பி.எக்ஸ்.4 என்பது தெறிக்கும் நீரையும், ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேர அமிழ்வையும் தாங்கும் தரமாகும்.

வாங்கியபின் சோதித்தல்

கண்ணில் தெரியும் குறிவட்டமும் கண்ணுக்குத் தெரியாத கற்றையும் ஒரே இடத்தைச் சுட்டுவதாகவே பயனர் நம்புகிறார். பல கருவிகளில் இரண்டும் சற்று விலகியிருக்கும். இதை அறிய எளிய வழி உண்டு. திறந்த வானம் பின்னணியாக உள்ள, தனியே நிற்கும் ஒரு கம்பத்தைச் சுமார் 150 மீட்டர் தொலைவிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். கருவியை முக்காலியில் பொருத்தி, வருடல் முறையில் இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, எண் தோன்றும் இடத்தையும் மறையும் இடத்தையும் குறிக்க வேண்டும். அவ்விரண்டின் நடுப்புள்ளியே கற்றையின் உண்மையான மையம். பின்னர் ஒரு கட்டடத்தின் கூரை விளிம்பைக் கொண்டு மேல் கீழாகவும் இவ்வாறே செய்யலாம். கற்றை குறிவட்டத்தின் வலப்பக்கம் உள்ளது என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்பக் குறிவைக்கலாம். விலகல் வட்டத்துக்கு வெளியே சென்றால் கருவியை மாற்றிக்கொள்வதே நல்லது. அளவுநாடாவால் அளந்த தொலைவுடன் ஒப்பிடுவதும், இச்சோதனைகளை அந்தி வேளையில் மீண்டும் செய்வதும் பயன்தரும்.

சட்டநிலை

கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொலைவுமானிக்கு அமெரிக்க மாநிலங்களில் பொதுவாகத் தடையில்லை. ஆயுதத்திலேயே பொருத்தப்படும் மின்னணுக் கருவிகளுக்கும், இலக்கின் மீது கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பாய்ச்சும் கருவிகளுக்கும் சில மாநிலங்களில் கட்டுப்பாடுகள் உள்ளன. இவ்விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமளிப்பதில்லை. எனினும் இதே கருவி இந்தியக் காடுகளில் வேறொரு பணிக்குப் பயன்படுகிறது. புலிகளின் இரைவிலங்குகள் எவ்வளவு உள்ளன என்பதை மதிப்பிட, நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து செல்லும் கணக்கெடுப்பாளர்கள், கண்ணில் படும் ஒவ்வொரு மான் கூட்டத்தின் தொலைவையும் சீரொளித் தொலைவுமானியாலும் திசையைக் காந்த ஊசியாலும் குறித்துக் கொள்கின்றனர். புதரின் தொலைவை மானின் தொலைவாகப் பதிவு செய்தால் அங்கே பிழைபடுவது விலங்குகளின் அடர்த்திக் கணக்கு.