தூங்குமூஞ்சி மரமும் இரவுக் காவலாளியும்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றின் வளாகத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. மாலை ஆறு மணி நெருங்கினால் அதன் இலைகள் மடங்க ஆரம்பிக்கும். கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டு சைக்கிளை எடுக்கப் போகும்போது எங்கள் ஹெட் கிளார்க், "மரமே தூங்கப் போயிடுச்சு, நாம இன்னும் கிளம்பலை" என்பார். தினமும் சொல்வார். நாங்களும் தினமும் சிரிப்போம்.

அந்த மரத்தடி சிமெண்ட் பெஞ்சுதான் இரவுக் காவலாளியின் இடம். அவர் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். சம்பளம் போதாததால் பகலில் ஊருக்கு வெளியே ஒருவர் நிலத்தில் கூலி வேலையும் செய்துகொண்டிருந்தார். 1980-களில் ஒரு நாள், முகாம் முடிந்து அதிகாலை நாலு மணிக்கு ஜீப்பில் திரும்பிய அதிகாரி, பெஞ்சில் அவர் அயர்ந்து தூங்குவதைப் பார்த்துவிட்டார். மறுநாளே 17(ஏ) மெமோ. அதைத் தயாரித்தது என் மேசை.

எழுத்துக்கூட்டி எழுதத் தெரிந்த யாரையோ வைத்து அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார். "ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிட்டுத்தான் இருக்கேன். கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி கண்ணு தானா சொருகுது. நான் வேணும்னு தூங்கலை ஐயா." இவ்வளவுதான். அதன் கீழே நான் வரைவு எழுதினேன்: தனியர் அளித்துள்ள விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. ஆறு மாதம் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. கையெழுத்து அதிகாரியுடையது. வாசகம் என்னுடையது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சில வருடங்களாக எனக்கு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. தூக்கத்தைப் பற்றி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று, பள்ளியில் கற்ற பிரெஞ்சை வைத்துக்கொண்டும் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டும் படிக்க ஆரம்பித்தேன். ஆச்சரியம், அந்தச் சரித்திரம் ஒரு மரத்தில்தான் தொடங்குகிறது. அதுவும் நம் புளியமரத்தில்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படைத் தளபதிகளில் ஒருவரான ஆண்ட்ரோஸ்தெனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தைக் கண்டார். இரவில் இலைகளை மூடிக்கொண்டு, சூரியன் எழும்போது விரித்துக்கொண்டது அந்த மரம். அது தூங்குவதாக அந்தத் தீவு மக்கள் சொன்னார்களாம். தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் இதைத் தம் தாவர நூலில் பதிந்து வைத்தார். அது புளியமரமாக இருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கருத்து. கல்வராயன் மலையில் புளி உலுக்கிப் பிழைக்கும் மக்களிடம் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்கள்.

இருட்டினால் இலை மூடுகிறது, வெளிச்சம் வந்தால் திறக்கிறது, அவ்வளவுதான் என்று இரண்டாயிரம் வருடம் எல்லோரும் இருந்துவிட்டார்கள். 1729-ல் த மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெளிச்சமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். அப்போதும் அது பகல் வேளையில் இலையை விரித்தது, இரவு வேளையில் மூடியது. அப்படியானால் நேரம் செடிக்கு உள்ளேயே ஓடுகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் வெளியே பார்க்காமலே பகல், இரவு வேறுபாட்டை உணர்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற குறிப்பும் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்குப் போன அந்தச் சிறு அறிக்கையில் இருந்தது. ஒரு செடியிலிருந்து மனிதனுக்கு வந்த முதல் அடி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு 233 வருடம் கழித்து ஒரு மனிதர் தம்மையே இருட்டில் வைத்துப் பார்த்தார். 1962 ஜூலை 16 அன்று மிஷேல் சீஃப்ர் என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர், பிரான்ஸ் – இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் மலையின் ஒரு பனிக்குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கினார். தூங்கப் போகும்போதும், எழும்போதும், சாப்பிடும்போதும் மேலே இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள், ஆனால் அவரிடம் சொல்லமாட்டார்கள். செப்டம்பர் 14-ல் வெளியே வந்தபோது, அவர் கணக்குப்படி அன்று ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாளைத் தொலைத்துவிட்டார். ஆனால் மேலே எழுதிவைத்த குறிப்பைப் பார்த்தால் அவர் உடல் அப்படித் தொலைக்கவில்லை. சுமார் இருபத்துநாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகத் தூங்கி எழுந்திருந்தது. மனம் போட்ட கணக்கு தப்பு, உடம்பு போட்ட கணக்கு ஏறக்குறைய சரி.

அவர் குகைக்குள் இருந்த நாட்களில்தான், ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிறகு ஒருநாள் வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்த சீஃப்ரின் படத்தைக் காட்டினார். கறுப்புக் கண்ணாடியும் தாடியுமாக அவரைத் தூக்கி வருவதைப் பார்த்து நாங்கள் சிரித்ததுதான் நினைவில் இருக்கிறது. அர்த்தம் புரிய அறுபது வருடம் ஆகிவிட்டது.

இந்தக் கதையின் அடுத்த பகுதி நம் மதுரையில் நடந்தது. நம்மில் பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் எர்வின் ப்யூனிங் என்பவர் 1930-களில் அவரைச் செடிகளின் இலையசைவை ஆராய்ந்து, இந்த உள் கடிகாரம் பரம்பரையாக வருவது என்று காட்டியவர். அவருடைய ட்யூபிங்கன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்துவிட்டு வந்தவர் எம்.கே. சந்திரசேகரன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் போன்ற அவருடைய மாணவர்களும் பக்கத்துக் குகைகளில் இருந்த வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் உட்பகுதியில் வெளிச்சம் கிடையாது. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தால், மற்ற வௌவால்கள் மாலையில் கிளம்பும் நேரத்தோடு அதுவும் ஒத்துப்போனது. வேறு வௌவால்களே இல்லாத குகையில் தனியே வைத்தால், அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. அந்த வௌவாலின் கடிகாரத்தைச் சரிசெய்ய அதன் கூட்டமே போதுமாக இருந்தது.

அதே பல்கலைக்கழக வளாகத்தில் மனிதர்களுக்கும் ஒரு தனிமைக்கூடம் கட்டினார்கள். கடிகாரம், வானொலி, பத்திரிகை, சூரிய ஒளி எதுவும் கிடையாது. தாமாக முன்வந்தவர்கள் அதில் நாட்கணக்கில் தங்கினார்கள். அப்படித் தங்கிய ஒரு பெண்மணியின் மாதவிலக்குச் சுழற்சி, அவருடைய தூக்க – விழிப்புச் சுழற்சியோடு பிணைந்ததல்ல என்ற முடிவு 1991-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. உடம்புக்குள் ஒரே ஒரு கடிகாரம்தான் என்று இல்லை என்பதற்கு மதுரையிலிருந்து போன சாட்சி அது.

இனி என் காவலாளிக்கு வருகிறேன். தூக்கம் இரண்டு கணக்குகளால் வருகிறது என்று 1982-ல் சூரிச் நகரத்து அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். முதல் கணக்கு கடன் மாதிரி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அது ஏறும், தூங்கினால்தான் அடையும். ஏறக்குறைய இதையே பாரிஸில் லெழாந்தர், பியெரோன் இருவரும் 1913 வாக்கில் நாய்களை வைத்துக் காட்டியிருந்தார்கள். பல நாள் தூங்கவிடாத நாயின் மூளைத் தண்டுவட நீரை வேறொரு நாய்க்குச் செலுத்தினால், நன்றாகத் தூங்கி எழுந்திருந்த அந்த நாயும் தூங்கிவிட்டது. இரண்டாவது கணக்கு உள் கடிகாரம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் மூளையில் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணி அளவுகூட இல்லாத ஓர் இடத்தில் அது இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதன்படி உடல் வெப்பம் மிகவும் தாழ்வதும், விழித்திருப்பது மிகக் கடினமாவதும் அதிகாலை மூன்று முதல் ஐந்து மணிக்குள். பொழுதை ஆறாகப் பிரித்த நம் முன்னோர் வைகறை என்று பெயர் வைத்த நேரம் அது.

பகலெல்லாம் வயலில் வேலை. அதனால் கடன் முழுதாக ஏறியிருக்கும். பகல் வெயிலில் நின்றதால் அவர் கடிகாரமும் இரவு வேலைக்கு மாறியிருக்காது, பகல் மனிதருடைய கடிகாரமாகவே இருந்திருக்கும். பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. நாலு மணிக்கு இரண்டு கணக்கும் சேர்ந்து அவரை அழுத்தியிருக்கின்றன. கண் தானாகச் சொருகுகிறது என்று அவர் சொன்னது சாக்கு அல்ல. போர்பெலி வரைபடம் போட்டுச் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். அவரை மாதத்தில் பாதி நாள் பகல் வேலைக்கு மாற்றலாம் என்று நான் குறிப்பு எழுதியிருக்கலாம். அப்படி ஒரு யோசனையே எனக்கு வரவில்லை.

என் மூன்று மணி விழிப்புக்கும் இதில் விடை இருந்தது. வயதானால் உள் கடிகாரம் முன்னுக்கு வந்துவிடுமாம். எட்டு மணிக்கே கொட்டாவி வரும், மூன்று மணிக்கே விழிப்பு வரும். இப்போது நான் மாலை வெளிச்சத்தில் நடக்கிறேன், பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்திக்கொள்கிறேன். விழிப்பு நாலரைக்கு நகர்ந்திருக்கிறது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்கள், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழுபவர்கள் மட்டும் வயசு என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி அந்த ஊருக்குப் போனேன். அவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அவர் மகன் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். "அப்பா ஆபீசைப் பத்தி நல்லாத்தான் சொல்லுவாரு ஐயா" என்றார். மெமோவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கோப்பு டி.டிஸ். ஆனது. பத்து வருடம் கழித்து அழித்திருப்பார்கள். திருத்துவதற்கு இப்போது காகிதம் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்: தனியர் அளித்த விளக்கம் ஏற்கத்தக்கது.